குஞ்சின் விலைக்கு முன் தாய்க்கோழியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சம்பள நாளை ஒட்டி மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வரும் வியாபார வண்டிகளில் துணிமணி, பிளாஸ்டிக் சாமான்களோடு இப்போது கோழிக்குஞ்சும் வருகிறது. முட்டை விலை ஏறினால் இந்த வண்டிகளும் கூடும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, இராகலைப் பக்கங்களில் இப்படி வாங்கியவர்கள் சில வாரத்துக்குள் பாதியைப் புதைத்துவிட்டு, “நம்ம ஊர் பனிக்குத் தாங்கல” என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பனி ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் குஞ்சு பிழைக்குமா, பிழைத்தாலும் முட்டை போடுமா என்பது பெரும்பாலும் அது வண்டியில் ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது. நம்பி வாங்கக்கூடிய வளர்ப்பாளரை எப்படி அடையாளம் காண்பது என்று விவரமாக எழுத உங்கள் பத்திரிகையில் இடம் கேட்கிறோம்.

முதலில் வண்டியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை, ரோஸ், நீலம் என்று சாயம் முக்கிய குஞ்சுகள் அநேகமாக எல்லாமே சேவல்கள். ஹைலைன் பிரவுண், லோமன் பிரவுண், ஷேவர் பிரவுண் போன்ற பழுப்பு முட்டைக் கலப்பினங்களில் பொரித்த அன்றே ஆணையும் பெண்ணையும் நிறத்தை வைத்துப் பிரித்துவிடலாம். பெட்டை செம்பழுப்பாக இருக்கும், சேவல் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். முட்டைப் பண்ணைக்குச் சேவல் வேண்டாம். 100 குஞ்சு பொரித்தால் சுமார் 50 சேவலாகத்தான் வரும். அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வெளிர் உடம்பில்தான் சாயமும் நன்றாக ஏறும். இரண்டு மூன்று வாரத்தில் புது இறகு முளைத்து நிறம் போய்விடும். அதற்குப் பிறகு ஐந்து மாதம் தீனி போட்டாலும் முட்டையைக் காண முடியாது. கறிக்காவது ஆகுமா என்றால், முட்டை இனத்துச் சேவலின் உடம்பில் சதை பிடிப்பது மிக மெதுவாகத்தான். பிள்ளைகள் அழுது கேட்பதால் இது விற்கிறது. விற்கிறவருக்கும் அது தெரியும்.

சாயம் இல்லாத, மொழுமொழுவென்ற மஞ்சள் குஞ்சு என்றால் அது புரொய்லராக இருக்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவு, குளிரோ அதிகம். வேகமாக வளர்வதற்கென்றே தெரிவுசெய்த புரொய்லரின் இதயமும் நுரையீரலும் இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் வயிற்றில் நீர் கட்டிவிடும். நாலைந்து வாரத்தில் வயிறு பலூன் மாதிரி வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, மூச்சு வாங்கிச் சாகும் கோழிகளுக்கு யாரும் செய்வினை வைக்கவில்லை. இந்த இனத்தை இந்த உயரத்தில் வளர்க்க, தீனியைக் கட்டுப்படுத்தி வளர்ச்சியின் வேகத்தைக் குறைக்கவும் வேண்டும், சூடும் காற்றோட்டமும் ஒருசேரக் கிடைக்கச் செய்யவும் வேண்டும். வீட்டுக் கொல்லைக்கு அது சரிவராது.

மூன்றாவது வகை, “ஊர்க்கோழி, நாளைக்கே முட்டை போடும்” என்று விற்கப்படும் பெரிய கோழி. முட்டைப் பண்ணைகள் சுமார் ஒன்றரை வருட வயதில் கழித்துவிடும் கோழிகள் இவை. அலகைப் பாருங்கள். நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக இருந்தால் அது எந்தக் கொல்லையிலும் வளர்ந்த கோழி அல்ல. கூண்டிலேயே நின்றதால் நகம் நீண்டிருக்கும், கழுத்திலும் முதுகிலும் இறகு தேய்ந்திருக்கும். இடமும் தீனியும் குளிரும் ஒரே நாளில் மாறிய அதிர்ச்சியில் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிடும். திரும்பவும் தொடங்க இரண்டு மாதம்கூட ஆகலாம், தொடங்கினாலும் பழைய கணக்கு வராது. கறிக்கு என்று சொல்லி, கறி விலைக்கு விற்றால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

இனி வளர்ப்பாளர் விஷயத்துக்கு வருவோம். நல்ல வழி இரண்டு உண்டு. ஒன்று, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் பதிவுள்ள பெரிய குஞ்சு பொரிப்பகம். மற்றது, நம் ஊரிலேயே தாய்க்கோழிகளை வைத்துப் பொரித்து விற்கிற சிறு வளர்ப்பாளர். இரண்டுக்கும் நடுவே நின்று, நாலு இடத்துக் குஞ்சைக் கலந்து, எல்லா வயதிலும் எல்லா இனத்திலும் கைவசம் இருக்கிறது என்கிறவர் வளர்ப்பாளர் அல்ல, வியாபாரி. ஒவ்வொரு இடத்து நோயும் அவருடைய கூண்டில்தான் சந்தித்துக்கொள்ளும்.

பொரிப்பகத்துக் குஞ்சின் பெரிய நன்மை இரண்டு. ஆண் பெண் பிரித்துத் தருவார்கள். மாரெக்ஸ் தடுப்பூசியை முதல் நாளே கழுத்துத் தோலுக்கு அடியில் போட்டுவிடுவார்கள். மாரெக்ஸ் வந்த கோழி இரண்டு மாதம் முதல் ஐந்து மாத வயதுக்குள் ஒரு காலை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் நீட்டிக்கொண்டு விழும். அதற்கு மருந்து கிடையாது. ஊசியையும் பொரித்த உடனேயே போட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்த பின் போட்டுப் பெரிய பயன் இல்லை. இந்தத் தடுப்பூசிக் குப்பி பொதுவாக 1,000 குஞ்சு அளவுக்கு வருவது, கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்தில் தீர்க்க வேண்டியது. ஆகவே 20 குஞ்சு பொரித்துவிட்டு “மாரெக்ஸ் போட்டாச்சு” என்கிற சிறு வளர்ப்பாளரைச் சந்தேகப்படுங்கள். “அது நாங்க போடுறதில்ல” என்று வெளிப்படையாகச் சொல்கிறவர் மற்றக் கேள்விகளுக்கும் உண்மை சொல்ல வாய்ப்பு அதிகம்.

பொரிப்பகத்தில் சிரமம் எண்ணிக்கைதான். 25 குஞ்சு வீதம் நான்கு அறை கொண்ட 100 குஞ்சுப் பெட்டியாகத்தான் பொதுவாகக் கொடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு 100 தேவைப்படாது. பத்து வீடு சேர்ந்து ஒரு பெட்டி எடுத்து, இடமும் நேரமும் உள்ள ஒருவர் ஆறு வாரம் வளர்த்துக் கொடுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி. அதுவரை ஒரு குஞ்சு சுமார் 1 கிலோ தீவனம் தின்னும். அப்படியானால் பெட்டிக்கு 100 கிலோ, அதோடு சூட்டுக்கான மின்சாரம், உமி. கணக்கை முன்கூட்டியே எழுதிப் பங்கு போட்டுக்கொண்டால் சண்டை வராது. பெட்டியில் ஒட்டியிருக்கும் துண்டைக் கிழித்து எறியாதீர்கள். இனம், பொரித்த திகதி எல்லாம் அதில்தான் இருக்கும். பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவை வைத்து இரண்டு நாளைக்குத் தாங்கும். மூன்றாம் நாளும் தீனியும் தண்ணீரும் காணாத குஞ்சு வாடி, கால் சுருங்கிக் காய்ந்திருக்கும். திகதி தெரியாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

எந்த இனம்? தீவனம் வாங்கிப் போட முடிந்தால் பழுப்புக் கலப்பினம். ஒரு கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம் லேயர் தீவனம் (முட்டைக்கோழித் தீவனம்) கிடைத்தால் வருடத்துக்கு 300 முட்டையை நெருங்கும். மிச்சச் சோறும் மேய்ச்சலும் மட்டும்தான் என்றால் அது எலும்பாகிப்போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, குண்டசாலை கரந்தகொல்லையில் உள்ள அரசின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சி.பி.ஆர்.எஸ். கலப்போ நல்ல ஊர்க்கோழியோ பொருத்தம். முட்டை குறைவு, ஆனால் தேடித் தின்னும். கழுத்தில் இறகில்லாத இனத்தைச் சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். அது உடம்புச் சூட்டை வெளியே விடுவதற்கான அமைப்பு. வெயில் காயும் குருணாகலுக்கு நல்லது, குளிரும் கந்தப்பளைக்கு ஏன்?

சிறு வளர்ப்பாளரிடம் போனால் விலைக்கு முன் தாய்க்கோழிகளையும் சேவலையும் காட்டச் சொல்லுங்கள். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் இருக்க வேண்டும். 25 பெட்டைக்கு ஒரே சேவல் என்றால் பாதி முட்டை கூமுட்டைதான். அந்தச் சேவல் எங்கிருந்து வந்தது, எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். சொந்தக் குஞ்சிலேயே சேவலை எடுத்து வருடக்கணக்காக விட்டிருந்தால் அண்ணன் தங்கை கலப்பாகி, பொரிப்பு குறையும், கோணல் அலகு, வளைந்த விரல் வரும். இன்னொன்று: கலப்பினப் பெட்டைகளை ஊர்ச்சேவலோடு விட்டு எடுத்த குஞ்சைத் தாயின் பெயரிலேயே “லோமன்” என்று விற்பது. அந்த 300 முட்டைக் கணக்கு முதல் தலைமுறைக்கு மட்டும். பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

உள்ளே விடமாட்டேன் என்கிறவரை உடனே தள்ளிவிடாதீர்கள். வெளியார் செருப்பில் நோய் வரும் என்று தெரிந்தவர் வேலிக்கு வெளியே நிறுத்திக் காட்டுவார், காலைக் கிருமிநாசினித் தண்ணீரில் நனைக்கச் சொல்வார். அது நல்ல அடையாளம். எதையுமே காட்டாதவர் வேறு, காட்டி உள்ளே விடாதவர் வேறு.

இன்கியுபேட்டரைப் பற்றியும் கேட்கலாம். 21 நாள், சுமார் 37.5 பாகை செல்சியஸ், கடைசி மூன்று நாள் ஈரப்பதன் கூட என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். மின்வெட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குத்தான் பதில் தடுமாறும். முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கிறார் என்பதும் முக்கியம். ஒரு வாரத்துக்கு மேல் போனால் பொரிப்பு விழும். இதில் மட்டும் மலையகத்துக்கு ஒரு சலுகை உண்டு: முட்டை சேர்த்து வைக்க 15 முதல் 18 பாகை வேண்டும், எங்கள் வீட்டு மூலை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கீழ்நாட்டு முட்டையை வாங்கி வந்து இந்த உயரத்தில் பொரிக்க வைத்தால், காற்றில் பிராணவாயு குறைவதாலும் முட்டையின் ஈரம் சீக்கிரம் வெளியேறுவதாலும் பொரிப்பு குறையும். பொரித்த பலவீனக் குஞ்சுகளையும் கழிக்காமல் சேர்த்து விற்கும் ஆசை அங்கேதான் வருகிறது. (கடை முட்டையை அடைக்கோழிக்கு வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சேவலே இல்லாத பண்ணையின் முட்டை அது. 21 நாளும் வீண்.)

குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒரு நாள் வயதுக் குஞ்சு 40 கிராம் அளவில் இருக்கும். தொப்புள் மூடிக் காய்ந்திருக்க வேண்டும். கறுப்புப் பொருக்கோ ஈரமோ இருந்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது, ஒரு வாரம் தாண்டாது. மல்லாத்தி வைத்தால் இரண்டு மூன்று வினாடியில் புரண்டு எழ வேண்டும். மலவாயில் வெள்ளையாக எச்சம் ஒட்டிப்போன குஞ்சு ஒன்று இரண்டு இருந்தால் கழுவிவிடலாம். பெட்டி முழுக்க அப்படி என்றால் புலோரம் என்ற வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். அது தாயிடமிருந்து முட்டை வழியாகவே வருவது. தாய்க்கோழிகளின் இரத்தத்தைப் பரிசோதித்துத்தான் அதைத் தடுக்க முடியும் என்பதால், பரிசோதித்த பண்ணையா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வளர்ந்த பெட்டை வாங்கினால் வேறு பார்வை வேண்டும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டக் கூடாது. மூக்கு ஓரத்தை மெல்ல அழுத்தினால் சளி வரக் கூடாது. இறக்கைக்கு அடியிலும் மலவாயைச் சுற்றியும் இறகை ஊதிப் பாருங்கள், பேன் இருந்தால் ஓடும். கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசினது போல் இருந்தால் செதில் பூச்சி. முட்டை போடுகிற கோழிக்கு மலவாய்க்கு இரு பக்கமும் உள்ள எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும், போடாததற்கு ஒரு விரல்தான். முடிந்தால் அந்தி சாய்ந்து கோழி அடைந்த பிறகு போய்க் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். கர்கர் என்று மூச்சுச் சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடலாம். பகல் இரைச்சலில் அது காதில் விழாது.

தடுப்பூசி விஷயத்தில் வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். எழுதி வாங்குங்கள்: எந்த மருந்து, எந்தத் திகதி. பொதுவாக முதல் வார முடிவில் இராணிக்கெட் நோய்க்குக் கண் சொட்டு, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கம்போரோ நோய்க்கு மருந்து, நான்காம் வாரத்தை ஒட்டி இராணிக்கெட் மறுபடி, 6 முதல் 8 வாரத்தில் இறக்கைச் சவ்வில் அம்மை ஊசி, முட்டைக்கு வரும் முன் இராணிக்கெட் இன்னொரு தடவை. இடத்துக்கு இடம் சிறிது மாறும், உங்கள் பகுதி மிருக வைத்தியர் சொல்வதே சரி. மருந்து 2 முதல் 8 பாகைக் குளிரில் வர வேண்டும். சட்டைப் பையில் கொண்டுவந்த குப்பி வெறும் தண்ணீர்தான். 100 கோழிக்கும் அதற்கு மேலும் போதுமான குப்பியை எட்டுக் கோழிக்கு உடைக்க யாருக்கும் மனம் வராது. எனவே லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க ஒரே நாளில் போடுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். லயத்தில் கோழிகள் எல்லாம் ஒன்றாகத்தான் மேய்கின்றன, ஒரு வீட்டின் ஊசி போடாத கோழி எட்டு வீட்டையும் காலி செய்யும். பச்சைக் கழிச்சல், கழுத்து திருகுதல், வாயைத் திறந்து மூச்சு விடுதல் கண்டால் மீதியை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புவதுதான் இங்கே நடக்கும் பெரும்பிழை. நோய் அடுத்த தோட்டத்துக்கு அப்படித்தான் போகிறது. இறந்த கோழியைப் பொலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் காரணம் கண்டுபிடிக்க வழியுண்டு. உறைய வைத்துவிட்டால் அந்த வழி அடைபடும்.

நல்ல இடத்தில் வாங்கியும் கெடுப்பது காலமும் சூடும். தை, மாசியில் நுவரெலியாவில் இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கும், உறைபனியும் விழும். வைகாசிக் கடைசி தொடங்கி ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழையும் ஈரமும். உமி காயாது, இரத்தக் கழிச்சல் பின்னாலேயே வரும். பங்குனி, சித்திரையில் எடுத்த குஞ்சு மழைக்கு முன் இறகு கட்டிவிடும். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 32 முதல் 35 பாகை, பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைக்க வேண்டும். கீழ்நாட்டில் மூன்று வாரத்தில் அணைக்கும் மின்குமிழை இங்கே ஐந்து ஆறு வாரம் எரிக்க வேண்டிவரும். குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கு இங்கே போதாது, இரட்டிப்பாக வையுங்கள். எல்.இ.டி. குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. இதனால் ஒரே இரவில் செத்த குஞ்சுகள் ஏராளம். குஞ்சுகள் குமிழின் கீழ் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, ஒரே பக்கமாய் ஒதுங்கினால் எங்கோ காற்று நுழைகிறது. மூடிய அறையில் கரிச் சட்டி வைக்காதீர்கள். அந்த வாயு குஞ்சை மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கிறவரையும் கொல்லும். வந்தவுடன் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனி கரைத்து, ஒவ்வொன்றின் அலகையும் ஒரு தடவை நனைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்துத் தீனி. வழுக்கும் செய்தித்தாளில் விட்டால் கால் விரிந்துபோகும், உமியை 2, 3 அங்குலம் பரப்புங்கள். லேயர் தீவனம் மலிவாகக் கிடைத்தாலும் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஏற்கெனவே கோழி உள்ளவர்கள் புதிதாக வாங்கியதை மூன்று நாலு வாரம் தள்ளி வையுங்கள். பழைய கோழிக்கு முதலில் தீனி, புதியதற்குக் கடைசியில், அதற்கென்று வேறு செருப்பு.

ஒரு பெட்டை முட்டைக்கு வரும் முன் ஆறு ஏழு கிலோ தீவனம் தின்றுவிடும். அந்தச் செலவின் முன் குஞ்சு விலையில் பார்க்கும் மிச்சம் ஒன்றுமே இல்லை.

மத்திய, ஊவா மாகாணங்களின் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களங்களுக்கு எங்கள் கோரிக்கை மூன்று. பதிவுள்ள பொரிப்பகங்களினதும் குஞ்சு வளர்த்துக் கொடுப்போரினதும் பெயர்ப் பட்டியலைத் தமிழில் எழுதி, கால்நடை வைத்திய அலுவலகங்களிலும் தோட்ட அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டுங்கள். நடமாடும் வியாபாரிகள் இனம், ஆணா பெண்ணா, பொரித்த திகதி, தடுப்பூசி ஆகிய நான்கையும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் குஞ்சு விற்கக் கூடாது என்று ஒழுங்கு செய்யுங்கள். வாழ்வாதார உதவி என்று கோழி பகிரும் நிறுவனங்கள் தை மாதக் குளிரில் மூன்று வாரக் குஞ்சைக் கொண்டுவந்து இறக்குவதற்கு முன் அந்தப் பகுதி மிருக வைத்தியரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் வரும் வரை, வாங்க நினைக்கிறவர்கள் தங்கள் பகுதி அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். காலையிலேயே போய்விடுங்கள். பிறகு வைத்தியர் மாடு பார்க்கக் கிளம்பிவிடுவார்.

இப்படிக்கு,
கோழி வளர்ப்போர் சிலர்,
தலவாக்கலை.